பட்டியலில் ஒன்று கூடுதல்

நாற்பத்து நான்கு வந்தது. பொன்னுரங்கம் கணினித் திரையில் விரல் படாமல், காற்றிலேயே விரலை இறக்கி இறக்கி மேலிருந்து கீழே ஒருமுறை எண்ணினார். நம்பாமல் கீழிருந்து மேலே ஒருமுறை எண்ணினார். இரண்டு தடவையும் நாற்பத்து நான்குதான். பக்கத்து நாற்காலியில் மகள் சுபிக்ஷா மடியில் வைத்திருந்த கோடு போட்ட தாளில் நாற்பத்து மூன்று. காலையில் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்து எண்ணிவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்திருந்தார். கூடுதலாக வந்த ஒன்று எது என்று தேட வேண்டியதில்லை. அது திரையின் தலையில், முதல் வரியில் இருந்தது. புறவழிச்சாலைக் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். அதை அங்கே வைக்கச் சொன்னவர் அவரேதான். புதன்கிழமை மத்தியானம் சுபி வந்து தன் தாளைப் பார்த்து நாற்பத்து மூன்றையும் ஏற்றிவிட்டுப் போன பிறகு, சாயங்காலம் அவர் மட்டும் தனியாக வந்து, பிரவுசிங் சென்டர் நூர்ஜஹானிடம், எது நிச்சயமாகக் கிடைக்குமோ அதை முதலில் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மகளிடம் சொல்லவில்லை. இன்றைக்கு வெள்ளி. திரையைத் திறந்ததும் சுபி முதல் வரியைப் படித்தாள். அதன் பிறகு தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பன்னிரண்டு. ஐந்து மணிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கான விருப்பப் பட்டியல் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று நூர்ஜஹான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க பூட்டுனாலும் பூட்டும், பூட்டாட்டியும் பூட்டும்ணே. கடைசியா எது ஏறியிருக்கோ அது போயிடும்." இதுதான் அவரை உறுத்தியது. ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுமே சொல்லாமல் இருப்பதுதான் என்று நினைத்திருந்தார். இங்கே வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவே ஒரு பதிலாகப் போய்ச் சேரும். லேமினேஷன் இயந்திரத்தில் பிளாஸ்டிக் சுடுகிற வாடை வந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை க்ளக் என்றது. அவர் எண்ணத் தொடங்கி, பதினெட்டில் நிறுத்திக்கொண்டார்.

இருபத்து மூன்று வருஷமாக அவர் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எண்ணுவது மட்டும் விட்டுப்போகவில்லை. நாற்பத்திரண்டு தெருவுக்கு நாற்பத்திரண்டு வால்வு. பூக்காரத் தெருவுக்கு இருபத்திரண்டு சுற்று, மேட்டுத்தெருவுக்கு முப்பத்தொன்று, பள்ளத்தெருவுக்குப் பதினாலு. யாருக்கும் ஒரு சுற்றுக் கூட்டியதில்லை, யாருக்கும் குறைத்ததில்லை. கவுன்சிலர் வீட்டு ஆள் வந்து நின்றாலும் இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டுதான். அப்படிப்பட்டவர் புதன்கிழமை ஏன் அந்தக் காரியத்தைச் செய்தார் என்று இப்போது நினைத்தால், நினைப்பு அந்த இடத்திலேயே முள்ளில் சேலை மாட்டினதுபோல் நிற்கிறது. சுபியின் கட்ஆஃப் நூற்று அறுபத்து மூன்றரை. அவள் தாளில் முதலில் இருந்தது மேற்கே, பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய அரசுக் கல்லூரி, சிவில். அடுத்ததும் சிவில், அதற்கடுத்ததும் சிவில். சிவில் என்றதும் ஊரே சிரித்தது. பொண்ணு சித்தாள் வேலைக்குப் போகப்போகுதா என்று மச்சினன் கேட்டான். மனைவி தனக்கோடி, கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்கள், கல்லூரி பஸ் இப்போதெல்லாம் தெருமுனைக்கே வருகிறது, பிள்ளை ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும் என்று மூன்று காரணம் சொன்னாள். நூர்ஜஹான்கூட, சிவிலுக்கு வேலை எங்கண்ணே இருக்கு, கட்டடம் கட்டுறவனே கடனாளியா நிக்கிறான் என்றாள். அவருக்கும் தெரியாததில்லை. நகராட்சிக்கு வரும் ஒப்பந்த இன்ஜினியர் பையன் சிவில்தான்; நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று டீக்கடையில் நின்று சொன்னவன். அந்தப் பையன் முகத்தில் சுபியின் முகத்தை வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் அவர் பயந்துபோனார். அந்தப் பயத்தோடேதான் புதன்கிழமை வந்தார். சுபி ஏன் சிவில் என்கிறாள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டாள்: நீங்கள் இங்கே திறக்கிறீர்கள், அங்கே குழாயில் வருகிறது, நடுவில் எங்கே போகிறது? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் போகிற குழாய்க்கு வரைபடம் கிடையாது, போட்டவர்கள் செத்துப்போனார்கள். தொட்டியில் குறைகிற தண்ணீருக்கும் தெருவில் வருகிற தண்ணீருக்கும் கணக்கு ஒத்துப்போனதே இல்லை, ஏதோ ஓர் இடத்தில் மண்ணுக்குள் யாரோ குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அவர் அந்தப் புறவழிச்சாலைக் கல்லூரியைப் போய்ப் பார்த்தார். பட்டியலில் வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பது முட்டாள்தனம், பார்த்துவிட்டு வைத்திருக்க வேண்டும், ஆனாலும் போனார். வாசலில் இறங்கியதும் கண்ணில் பட்டது அந்தப் பலகைதான். வேலை கிடைத்தவர்களின் படம் போட்ட பலகை, இரண்டு ஆள் உயரம். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே ஒன்பது. நூற்று எட்டுப் பேர். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எண்ணினார். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு கம்பெனி, ஒரு சம்பளம். பலகை ரொம்ப நாள் வெயில் தின்றது. சிவப்புதான் முதலில் போகும். முகங்களெல்லாம் நீலம் பாரித்து, உதடு வெளிறி, பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் போய்க்கொண்டிருந்தபோது எண்ணிக்கை தடுக்கியது. நூற்று எட்டுப் பேரும் போட்டிருந்தது ஒரே கோட்டு. ஒரே மாதிரிக் கோட்டு அல்ல, ஒரே கோட்டு. இடது பக்கக் காலர் நுனி கொஞ்சம் மேலே மடங்கியிருந்தது, எல்லோருக்கும். டையின் முடிச்சு நூலளவு இடதுபக்கம் தள்ளியிருந்தது, எல்லோருக்கும். ஒல்லிப் பையனுக்கும் அதே, தடிப் பையனுக்கும் அதே, பெண் பிள்ளைகளுக்கும் அதே. ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்டிக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் அடுத்தவர். அந்தக் கோட்டுக்குள்ளிருந்து தலைகள் மாறி மாறி முளைத்ததுபோல் இருந்தது. ஏழாவது வரிசை, ஐந்தாவது முகத்தில் அவர் விரல் நின்றுபோனது. அந்த முகத்தை அவர் அன்றைக்கு விடியற்காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தார். ருக்குமணியின் மகன் மணிபாரதி. கீழே பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் பேர் இருந்தது. உள்ளேயிருந்து வந்த அட்மிஷன் ஆள், வாங்க சார், கவலையே படாதீங்க என்று கூட்டிக்கொண்டு போனான்; கம்ப்யூட்டர் அறையில் அறுபது கம்ப்யூட்டர்களும் வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாகக் கிடந்ததைக் காட்டினான். எல்லாம் லீவு விட்டதால் போர்த்தியிருக்கிறது என்றான். திரும்பி வரும்போது பலகைக்குக் கீழே நின்று, ஏழாவது வரிசையைக் காட்டி, இந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அந்த ஆள் அண்ணாந்து பார்த்துவிட்டு, தயங்காமல், "அவரா, பெங்களூர்ல இருக்கார் சார். போன வாரம்கூடப் பேசினேன்" என்றான். வெயிலில் நின்றிருந்த பொன்னுரங்கத்துக்கு முதுகுத்தண்டில் குளிர்ந்த தண்ணீர் இறங்கியதுபோல் இருந்தது. ஏனென்றால் இதே வார்த்தையை அவர் இன்னொரு வாயிலிருந்தும் கேட்டிருந்தார்.

ருக்குமணி பூக்காரத் தெருவில் தையல் தைக்கிறவள். புருஷன் இல்லை. ஒற்றை ஆளுக்கு ஏழு குடம் பிடிப்பாள். மகன் விடுதியில் தங்கிப் படித்த நாலு வருஷமும் ஏழுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், மகனுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். ஊரே பஸ் ஏற்றிவிட்டது; பொன்னுரங்கம்கூடப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்தார். தெருக்கடைசி வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, முறை வரும் நாளில் விடியுமுன்னே அவர் ஒரு நடை நடப்பது வழக்கம். எந்த வீட்டில் எத்தனை குடம் என்று கண் தானாக எண்ணிவிடும். அவர் வேண்டுமென்று எண்ணுவதில்லை. பஸ் ஏறிப்போன பன்னிரண்டாம் நாள் ருக்குமணி வீட்டு வாசலில் பதினோரு குடம் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள் என்று நினைத்தார். அடுத்த முறைக்கும் பதினொன்று. அதற்கடுத்த முறைக்கும். ஒரு வீட்டில் நாலு குடம் கூடினால் ஓர் ஆள் கூடியிருக்கிறான் என்று அர்த்தம். குளிக்கிற ஆள், வெளியே போகாத ஆள், துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிற ஆள். கணக்கு உதைத்தது. அது ஒரு மாதமாக அவரைத் தூங்கவிடவில்லை. அப்புறம் ஒருநாள் வழக்கத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே நடந்தார். ருக்குமணி வீட்டு வாசலில், தண்ணீர் பிடிக்கத் தோண்டியிருந்த குழாய்க் குழிக்குள் ஒரு தலை தெரிந்தது. குனிந்து குடம் வைத்துக்கொண்டிருந்த அது நிமிர்ந்தது. தாடி, வெளிறிய முகம், வெளிச்சமே படாத செடி மாதிரி நிறம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் குடத்தில் நிறைகிற சத்தம் மட்டும், ஏறி ஏறி, மெலிந்து மெலிந்து வந்தது. அந்தச் சத்தம் நிற்கிற நேரத்தில் அவன் பேசினான். "மாமா, நான் பெங்களூர்ல இருக்கேன்." எதிரில் நின்றுகொண்டு, கையில் குடத்தோடு, அவ்வளவு பதவிசாகச் சொன்னான். அவர், "சரி தம்பி" என்றார். இரண்டு வருஷமாக அந்த 'சரி'யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். ஆர்டர் வந்தது, சேரச் சொல்லித் தேதி வரவில்லை என்று பிற்பாடு துண்டு துண்டாகத் தெரிந்தது. பெங்களூரில் போய்க் கேட்டதற்கு, மெயில் வரும், காத்திருங்கள் என்றார்களாம். மைசூர்பாகு தின்ற தெருவுக்குத் திரும்பிப் பகலில் எப்படி வருவான்? கடைசி பஸ்ஸில் வந்து வீட்டுக்குள் போனவன்தான். தனக்கோடியிடம்கூட அவர் சொல்லவில்லை. புருஷனைக் கரித்துக்கொட்டும்போதெல்லாம் அவள், ருக்குமணி மகனைப் பாருங்க, போன வாரம்கூட பெங்களூர்லேருந்து பேசுச்சாம் என்பாள்.

மணி நாலு முப்பத்தாறு. நூர்ஜஹான் ஒருவருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். "என்னண்ணே, வால்வைத் திறக்கிற மாதிரி அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கீங்க. பூட்டிடலாமா? ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும்." சுபி தாளை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். அவள் கேட்டிருக்கலாம். ஏன்ப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் உடைந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அவளும் அவரைப் போலத்தான், வாயில் வந்ததை விழுங்குகிற ஜாதி. அவர் சட்டைப்பையில் போனைத் தொட்டுப் பார்த்தார். அது தோலில் ஒட்டிக்கொண்டு சூடாக இருந்தது. முதல் வரியை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று வியாழக்கிழமை பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தார். ஆனால் ஏன் என்று கேட்டால்? ஏழாவது வரிசை ஐந்தாவது முகம் இங்கேதான் இருக்கிறது, எங்கள் தெருவில் பதினோரு குடம் பிடிக்கிறது என்று சொல்வதா? நூர்ஜஹான் நல்லவள்தான், ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேர் வந்துபோகிற கடை. தவிர, எடுத்துவிட்ட பிறகு சுபிக்கு ஒன்றுமே கிடைக்காமல் போனால்? அரசுக் கல்லூரி கிடைத்து, சிவில் படித்து, டீக்கடையில் நாலு மாதச் சம்பளத்துக்காக நின்றால்? அப்போது குழிக்குள்ளிருந்து நிமிர்கிற தலை யாருடையதாக இருக்கும்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. நூற்று எட்டு, கோட்டு, காலர், பதினொன்று, சரி தம்பி. சுற்றி வந்து அதே இடம். வால்வு தண்டு தேய்ந்துபோனால் இப்படித்தான். எத்தனை சுற்றினாலும் கை மட்டும் சுற்றும், உள்ளே ஒன்றும் திறக்காது.

அப்போது மின்சாரம் போனது. விசிறி க்ளக் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மெதுவாக ஓய்ந்தது. ஆறு கம்ப்யூட்டரில் ஐந்து அணைந்துவிட்டன. சுபியின் பட்டியல் இருந்த ஒன்று மட்டும் பேட்டரியில் எரிந்தது. மேசைக்கடியில் பேட்டரிப் பெட்டி பீப் என்றது. பத்து எண்ணுவதற்குள் இன்னொரு பீப். "பத்து நிமிஷம் தாங்கும்ணே, சீக்கிரம்" என்றாள் நூர்ஜஹான், ஷட்டரைப் பாதி தூக்கி வெளிச்சம் விட்டபடி. பொன்னுரங்கம் நிமிர்ந்தபோது அணைந்த திரைகளைப் பார்த்துவிட்டார். எதிர்ச்சுவரில் வரிசையாக ஐந்து கறுப்புச் சதுரங்கள். ஐந்திலும் சுபியின் முகம். எரிகிற திரையின் வெளிச்சம் கீழிருந்து அடித்ததில் முகம் நீலம் பாரித்து, கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் ஒரே இருட்டாக, கறுப்பாக எதையோ மாட்டிவிட்டதுபோல் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நிறுத்த முடியவில்லை. பீப். அவள் சிரித்துவிடக் கூடாது என்று நினைத்தார்; இந்த நேரத்தில் அவள் மட்டும் சிரித்துவிட்டால் அவ்வளவுதான். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்ந்த கண் அவள் மடியில் இருந்த தாளில் விழுந்தது. காலையில் அவர் வரிகளை மட்டும்தான் எண்ணியிருந்தார். இப்போதுதான் ஓரத்தைப் பார்த்தார். கல்லூரிப் பேர்கள் சுபியின் குண்டுக் கையெழுத்தில், நினைவுக்கு வந்த வரிசையில், முன்னும் பின்னுமாக எழுதியிருந்தன. ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டிருந்தது, எது முதல், எது இரண்டாவது என்று. அந்த எண்கள் அவள் எழுதியவை அல்ல. ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஏழு, பதினேழு, இருபத்தேழு, முப்பத்தேழு, நாலு இடத்திலும். அந்த ஏழை அவர் தினமும் பார்க்கிறார். பம்பு அறைக் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையில், ஐந்து பதினேழு முதல் ஐந்து நாற்பத்தேழு வரை என்று. முதல் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்த மணிபாரதி அவருக்கு எழுதிக் கொடுத்தது. ஊரில் வேறு யாரும் ஏழுக்குக் கோடு போடுவதில்லை.

குனிந்து, நூர்ஜஹானுக்குக் கேட்காதபடி, இந்த நம்பரெல்லாம் யார் போட்டது என்று கேட்டார்.

சுபி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ருக்குமணி அத்தை வீட்ல."

"அத்தையா?"

"அத்தை இல்ல."

பீப். அவர் இன்னும் குனிந்தார். "எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"உங்களுக்கு எப்பலேருந்துப்பா?"

சுடிதார் அளவெடுக்கப் போனபோது தெரிந்தது, ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று அவளே சொன்னாள். தட்டிக்குப் பின்னாலிருந்து பேசுவாராம், முகம் காட்ட மாட்டாராம். கணக்கில் சந்தேகம் என்றால் அத்தை தாளை உள்ளே கொண்டுபோவாளாம், போட்டுத் திரும்பி வருமாம். "நூத்தி எழுபது காலேஜுக்கு மூணு வருஷத்துக் கட்ஆஃப் வச்சிருக்கார்ப்பா. வேற வேலை என்ன இருக்குன்னார். தான் படிச்ச காலேஜை மட்டும் எழுதாதேன்னார். எழுதினா உன் போட்டோவும் அங்க வரும்னார்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் கோட்டு எல்லாருக்கும் அளவாத்தான் இருக்கும்னு சொன்னார்."

பொன்னுரங்கம் எதிர்ச்சுவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். தட்டிக்குப் பின்னால் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன், தான் போயிருக்க வேண்டிய வழியெல்லாம் எண்ணி எண்ணி, நாற்பத்து மூன்றாக வரிசைப்படுத்தி அவர் மகள் கையில் கொடுத்திருக்கிறான். அவளை அனுப்புகிறானா, அவள் காலில் தான் நடக்கிறானா? இந்தப் பட்டியல் யாருடையது? முதலில் இருக்கிற சிவில் இவளுடையதா, அவனுடையதா? இப்படி நினைத்தபோது தாளே ஈரமாக, குழிக்குள்ளிருந்து எடுத்ததுபோல் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கம் திரும்பினால் திரையின் தலையில் இருந்ததும் அவன்தான்; நீலம் பாரித்த முகத்தோடு, மடங்கிய காலரோடு, பெங்களூரில் இருக்கிறவன். இரண்டும் ஒருவனே. ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் குடம் தூக்குகிறான். எவன் பேச்சைக் கேட்பது? பீப். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பள்ளத்தெருவை முதலில் திறந்துவிட்டது அவருக்கு நினைவு வந்தது. பள்ளத்துக்கு நிச்சயமாகத் தண்ணீர் போகும். அவர்களாவது பிடிக்கட்டும், அப்புறம் மேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பள்ளம் அவ்வளவையும் வாங்கிக்கொண்டது. மேட்டுக்கு ஏறவேயில்லை. ஒன்பது நாள் கழித்து மேட்டுத்தெருப் பெண்கள் பம்பு அறை வாசலில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அறுபத்தொரு குடம். ஒவ்வொன்றின் வாயும் அவரைப் பார்த்தபடி இருந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இந்தப் புதன்கிழமை எங்கே தொலைத்தார்? நிச்சயமானதை முதலில் திறந்தால் மற்றதெல்லாம் காலிதான்.

நூர்ஜஹான் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது மேலேருந்துதானே பார்த்துக்கிட்டு வரும்?"

"ஆமாண்ணே. மேல எது கிடைக்குதோ அதோட நின்னுடும். கீழ இறங்காது."

"அப்போ அந்த முதல்ல இருக்கறத எடுத்துடுங்க."

நூர்ஜஹான் அவரைப் பார்த்தாள், சுபியைப் பார்த்தாள். நீங்கள்தானே வந்து சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கு அவள் நல்லவள். எடுக்க வேண்டாம், கடைசியில் தள்ளிவிடுகிறேன், ஒரு பாதுகாப்புக்கு இருந்துவிட்டுப் போகட்டும், எதுவுமே கிடைக்கவில்லை என்றால் அதாவது கிடைக்கும் என்றாள். சரியான பேச்சு. எல்லாரும் செய்வது. அவர் யோசித்தார். இரண்டு பீப் போயிற்று. குழாய் என்று ஒன்று இருந்தால், எவ்வளவு கடைக்கோடியில் இருந்தாலும், என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் அங்கே போய்விடும்.

"வேணாம்மா. எடுத்துடுங்க. நாப்பத்து மூணுதான் கணக்கு."

அவள் எடுத்தாள். வரிகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறின; தலையில் அரசுக் கல்லூரி வந்து நின்றது. மணி நாலு நாற்பத்தைந்து. பூட்டு என்ற இடத்தை அழுத்தியதும் அவர் சட்டைப்பைக்குள் போன் துடித்தது. எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எண் கலங்கியது. தூரப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சுபி தாளின் அடியில் எழுதிக்கொண்டு நூர்ஜஹானுக்குத் திருப்பிக் காட்டினாள். நாலாவதாக ஓர் ஏழு இருந்தது. அவள் அதற்கு நடுவில் கோடு போட்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார். பட்டியல் பூட்டப்பட்டது என்று திரையில் வந்தது. இனி மாற்ற முடியாது என்று அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வந்தது. பேட்டரிப் பெட்டி கடைசியாக நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்க, ஆறாவது திரையும் கறுத்தது. இப்போது ஆறு சதுரம். அவர் எண்ணிவிட்டார், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் ஆறாவதில் சுபியோடு அவரும் தெரிந்தார்.

மின்சாரம் வந்ததும் நகல் எடுத்து வைக்கிறேன், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றாள் நூர்ஜஹான். வெளியே இறங்கினார்கள். பஸ் நிலையம் வரைக்கும் நடந்தார்கள். கிடைக்குமா என்று அவருக்குத் தெரியாது. கிடைத்துப் படித்து முடித்த பிறகு என்ன என்றும் தெரியாது. பயம் குறையவில்லை, இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் வலது கை தானாகக் காற்றில் சுற்றுவதைச் சுபி பார்த்தாள். சாவி போட்டு வால்வு திறக்கிற சுற்று. உதடு அசைந்தது. நாளைக்குப் பூக்காரத் தெருவுக்கு முறை. இருபத்திரண்டில் கை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.

"விடியறதுக்குள்ள பதினோரு குடமும் ரொம்பிடும்" என்றார்.